சுவருக்குள் தள்ளிய மூன்றடி

கார் நின்றதும் முதலில் இறங்கியது அந்தம்மாதான். இறங்கிய கையோடு கைபேசியைத் தூக்கிப் பிடித்து அந்தப் பழைய வீட்டை நாலைந்து படம் எடுத்துவிட்டு, "இதேதான் மேடம். இதே மாதிரி எனக்கு வேணும். ஒரு இஞ்ச் மாறக் கூடாது" என்றார். அடுத்து இறங்கியவர் அவருடைய கணவர். நான் அவரை சார் என்று கூப்பிடுவேன். பெரிய அலுவலகத்தில் பெரிய பதவி. மனைவி பேசும்போது மட்டும் கார்ச் சாவியை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார். அதற்குச் சரி என்றும் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் வீடு வரைகிறவள். இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஆசைதான். ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, அதில் ஒரு பழைய வீட்டைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஓட்டுக் கூரை வேண்டும், ஆனால் ஒழுகக் கூடாது. நடுவில் முற்றம் வேண்டும், ஆனால் கொசு வரக் கூடாது. மரத்தூண் வேண்டும், அதற்குள்ளே வயரும் ஓட வேண்டும். வெளியே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேனே ஒழிய, கட்ட வருகிறவர்களிடம் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'பண்ணிடலாம்' என்பதுதான் என் வாயில் முதலில் வரும் வார்த்தை.

வாய்க்காலை ஒட்டி நின்ற அந்த வீட்டைச் சீக்கிரமே இடிக்கப்போகிறார்கள். இடத்தை வாங்கியவர் அங்கே கிடங்கு கட்டுகிறார். அதற்குள் வீட்டை அளந்து, அதே அமைப்பில் இவர்களுக்குப் புது வீடு வரைய வேண்டும். கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றையும் இவர்கள் பேசி வாங்கியாகிவிட்டது. அன்று அளக்கத்தான் வந்திருந்தோம். நல்ல உச்சி வெயில்.

காரின் பின்சீட்டில் இன்னொருவர் இருந்தார். சாருடைய அக்கா. ஐம்பது வயது தாண்டியிருக்கும். படிய வாரிய தலை, சுத்தமான உடை, குழந்தைக்குப் போலப் பளபளவென்று துடைத்துவிட்ட முகம். பிறந்ததிலிருந்தே பேச்சு வராது. சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் அந்தச் சத்தம் வந்தது. நான் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தேன். நகர்ந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"அவங்க கார்லயே இருக்கட்டும். ஏசி போட்டிருக்கு" என்றார் அந்தம்மா.

உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று அணைந்துபோனது. ஈரச் சுண்ணாம்பு வாடை, புறா எச்சத்தின் வாடை. அதற்கும் அடியில் இன்னொன்று. தேய்த்துத் தேய்த்துப் பழையதாகிப்போன தலையெண்ணெயின் வாடை. ஆள் இல்லாத வீட்டில் ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே அது எப்படி நிற்கும் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். நான் அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

எல்லாம் அளந்து முடித்துக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. வீட்டின் வெளி நீளம் ஒன்று சொன்னது. உள்ளே கூடம், படுக்கையறை, நடுச்சுவர் என்று கூட்டினால் அதைவிட மூன்றடி குறைந்தது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் எங்கேயோ மூன்றடி காணவில்லை. மறுபடி அளந்தேன். மறுபடியும் மூன்றடி.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. வெளியில் யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் செய்வோம். கணக்கு உதைத்தால் மிச்சத்தைச் சுவரில் தள்ளிவிடுவோம். பழைய வீடு, தடித்த சுவர், யார் கேட்கப்போகிறார்கள்? அந்த நடுச்சுவரை மூன்றடி கூட்டித் தடிமனாக வரைந்து உள்ளே கோடுகளை நிரப்பினேன்.

"அந்தக் காலத்து ஆளுங்க பாருங்க, சுவர்ல கஞ்சத்தனமே கிடையாது" என்றேன்.

"இவரு தாத்தா காலத்துல பொறந்திருந்தா இவருக்கும் தாராள மனசு இருந்திருக்கும்" என்று கணவரைக் காட்டி அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவதாக ஒருவரும் சிரித்தார்.

சிரிப்பு முழுதாக வரவில்லை. தொடங்கிய உடனே யாரோ சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்ட மாதிரி அறுந்துபோனது. பொத்திய கைக்குப் பின்னால் மூச்சு மட்டும் இரண்டு தடவை வந்தது. சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"பூனையா?" என்றேன். அந்தம்மாவுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். நேராக அந்தச் சுவரிடம் போய்க் காதை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போது வருகிற சிரிப்பு. பிறகு அந்த நீளமான சத்தம் அவரிடமிருந்து மிருதுவாக வந்தது.

சார் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். "ஸ்ஸ்... சத்தம் போடாதே. யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?" என்றார். எங்களைத் தவிர அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை. அது அவருக்கு வாய்ப்பழக்கம் ஆகிவிட்டது என்பது புரிந்தது.

அடுத்த வாரம் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். வரைபடத்தை மேசையில் விரித்துவைத்தேன். வெளித்தோற்றத்தைப் பார்த்து அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். சமையலறை, குளியலறை, வண்டி நிறுத்தும் இடம் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அக்காவுக்கு ஒரு ரூம் வேணும் மேடம். ஆனா... எப்படிச் சொல்றது? இவருக்கு ஆபீஸ்லேர்ந்து பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க. அவங்க கூடத்துல உக்காந்திருக்கும்போது அக்கா சத்தம் கேக்கக் கூடாது. கதவும் கண்ணுல படக் கூடாது."

நான் சாரைப் பார்த்தேன். சாவி சுற்றுவது நின்றிருந்தது.

"அவளுக்கும் அதுதாங்க நல்லது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "புது ஆளுங்களைக் கண்டா அவளுக்குப் பயம்."

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்பதற்கு எத்தனையோ பதில்கள் இருக்கின்றன. முன்பக்கம் பெரிய ஜன்னல் வைத்த அறை ஒன்றை வரைந்து, இதுதான் அவங்க ரூம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று எழுந்தும் போயிருக்கலாம். எனக்கு வந்தது யோசனை. அதுவும் சந்தோஷமாக வந்தது.

"அந்தத் தடிச் சுவர் இருக்கே" என்று பென்சிலை எடுத்தேன். "அதைக் கொஞ்சம் அகலப்படுத்தி உள்ள கூடாக்கிடலாம். கட்டில் போடற அளவுக்கு இடம் வரும். மேலேர்ந்து வெளிச்சம், ஏசி, சுவர் பூரா சத்தத்தை வெளிய விடாத பலகை. கூடத்துப் பக்கம் பார்த்தா பழைய மர அலமாரி மாதிரி தெரியும். அலமாரிதான் கதவு. யாருக்கும் தெரியாது."

"மேடம், நீங்க வேற லெவல்" என்றார் அந்தம்மா.

வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் எழுத வேண்டியிருந்தது. அமைதி அறை என்று எழுதினேன். எழுதிவிட்டு, நல்ல பெயர் வைத்தோம் என்று எனக்கு நானே சபாஷ் வேறு சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பழைய வீட்டை இடித்த அன்று மரத்தைப் பொறுக்கி எடுக்கப் போயிருந்தேன். எங்கள் மேஸ்திரியும் கூட வந்திருந்தார். நடுச்சுவரில் கடப்பாறை இறங்கியதும் செங்கல் உதிரவில்லை. கடப்பாறை பாதிக்கு மேல் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது.

சுவருக்குள் அறை இருந்தது. என் மூன்றடி.

உள்ளே ஒரு பலகை, அதன்மேல் மக்கிப்போன பாய். பக்கத்தில் ஒரு குவளை. படுக்கையறைப் பக்கம், முதுகை வளைத்து நுழைகிற மாதிரி ஒரு குட்டிக் கதவு. வெளிப்புறம் அதை மரப்பலகை அடித்து மூடியிருந்ததால் அளக்கும்போது எனக்குத் தெரியவில்லை. கூடத்தைப் பார்த்த சுவரில், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. விரலை முகர்ந்தேன்.

தலையெண்ணெய்.

வருஷக்கணக்காக ஒருவர் அங்கே தலையைச் சாய்த்து உட்கார்ந்து, கூடத்தில் வந்தவர்கள் பேசுவதையும் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னை உலுக்கியது அதுகூட இல்லை. அந்தக் கதவின் தாழ்ப்பாள். அது உள்பக்கம் இருந்தது. அடைத்துவைத்த ஆள் இல்லை அது. ஆள் வருகிற சத்தம் கேட்டதும், யாரும் சொல்லாமலே எழுந்து உள்ளே போய்த் தானே தாழ் போட்டுக்கொள்கிற அளவுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஆள். தன்னைப் பார்த்தால் வீட்டுக்கு அவமானம் என்று தானே நம்பிவிட்ட ஆள்.

"பூனை கீனை வளர்த்திருப்பாங்க மேடம்" என்றார் மேஸ்திரி. "இந்த மரத்தை லாரில ஏத்தட்டுமா?"

ஏற்றச் சொன்னேன். புது வீட்டில் அதற்குள் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. இப்போது மாற்றினால் முழுதும் திரும்ப வரைய வேண்டும், அந்தம்மாவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். எனக்குச் சோம்பலாக இருந்தது. சோம்பல்தான். பெரிதாக வேறு சாக்கு எதுவும் இல்லை.

கூரை ஏறியபிறகு வேலையாட்கள் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் இருக்கும்போது ஒன்றும் இருக்காதாம். டைல்ஸ்காரர், குழாய்க்காரர் என்று புதிதாக யாராவது வாசலில் கால் வைத்தால் உள்ளே ஒரு ஓட்டம் கேட்குமாம். வெறுங்கால் ஓட்டம். கூடத்திலிருந்து அமைதி அறை வரைக்கும். அப்புறம் சத்தமே இருக்காதாம்.

"பயமுறுத்தற மாதிரி இல்லீங்க மேடம்" என்றார் மேஸ்திரி, கொஞ்சம் குழப்பத்தோடு. "அதுதான் நம்மளைப் பார்த்துப் பயந்து ஒளியற மாதிரி இருக்கு."

நான் அவரை முறைத்து, வேலையைப் பாருங்க என்று விரட்டினேன்.

வீடு முடிந்தது. அச்சு அசல் அந்தப் பழைய வீடுதான், உள்ளே மட்டும் எல்லா வசதியும். சார் தன் மேலதிகாரியையும் நாலைந்து நண்பர்களையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நானும் போனேன். விருந்தாளிகளின் கார் சத்தம் கேட்டதும் அந்தம்மா அக்காவின் தோளைத் தொட்டார். அக்கா எழுந்து, அலமாரிக் கதவைத் தானே இழுத்துத் திறந்து உள்ளே போனார். போகும்போது என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்த நடையைப் பார்த்ததும் புரிந்தது. இவரும் பழகிவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் என் புகழ்தான். எங்கே பார்த்தாலும் பழசு, எங்கே தொட்டாலும் புதுசு என்று மேலதிகாரி வியந்துகொண்டே இருந்தார். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

சுவருக்குள் ஒரு சிரிப்பு தொடங்கி, அறுந்தது.

எல்லோர் கையும் தட்டில் நின்றது. சத்தத்தை வெளியே விடாத பலகை இரண்டு அடுக்கு போட்ட சுவர் அது.

"என்ன மேடம் அது?" என்றார் மேலதிகாரி.

"பழைய மரம் சார்" என்றேன். "வெயில்ல விரியும்போது அப்படித்தான் சத்தம் வரும்." பொய் எவ்வளவு சரளமாக வந்தது! சார் நன்றியோடு என்னைப் பார்த்தார். அந்தம்மா அவசரமாக எழுந்து எல்லோருக்கும் இன்னொருமுறை பரிமாறினார்.

அப்போது வாசல் பக்கம் நிழல் விழுந்தது.

அக்கா நின்றிருந்தார். கால் நிறைய தோட்டத்து மண். நாங்கள் விருந்தாளிகளை வரவேற்க வாசலுக்குப் போயிருந்தபோது அறையைவிட்டுக் கிளம்பிச் சமையலறை வழியாக வெளியே போயிருக்கிறார். தோட்டத்தைச் சுற்றிவிட்டு முன்வாசல் வழியாக வந்து எங்களைப் பார்த்து நின்றார். அவரிடமிருந்து அந்த நீளமான சத்தம் வந்தது.

"இவங்க யாரு?" என்று மேலதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"வீட்டு வேலைக்கு இருக்காங்க சார்" என்றார்.

சுவருக்குள் யாரோ அழுதார்கள்.

மரம் விரியும் சத்தம் என்று இனி நானே சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, வெளியே கேட்கக் கூடாது என்று முயன்று முயன்று தோற்கிற அழுகை.

அக்கா இங்கே நிற்கிறார்.

அப்படியானால் உள்ளே யார்?

அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மண் காலோடு பளிங்குத் தரையில் நடந்துபோய் அலமாரிக் கதவை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். உள்ளே இரும்பு இரும்பில் முட்டுகிற ஒலி கேட்டது. அந்தக் கதவில் நான் தாழ்ப்பாளே வைக்கவில்லை. அக்கா உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பூட்டு, தாழ் எதுவும் வேண்டாமென நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அக்கா மரத்தில் காதை ஒட்டவைத்து, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி மெல்ல அந்தச் சத்தத்தை எழுப்பினார்.

உள்ளே அழுகை நின்றது.

உள்ளிருந்து அதே சத்தம், இன்னும் மெல்லியதாக, பதிலுக்கு வந்தது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. எண்ணெய் வாடை கூடம் முழுக்கப் பரவியது. சார் எழுந்துபோய்க் கதவைத் தள்ளினார். நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே கட்டில், விரிப்பு, ஏசி. ஆள் யாரும் இல்லை. பெயின்ட் வாசனைகூடப் போகாத வெள்ளைச் சுவரில், காது உயரத்தில், கறுப்பாக ஒரு வட்டம் ஈரமாக மின்னியது.

சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, எல்லோரும் கேட்கும்படி, உடைந்த குரலில் சொன்னார்.

"என் அக்கா சார். என்கூடப் பொறந்தவ. என்னைத் தூக்கி வளர்த்தவ."

மேலதிகாரிதான் முதலில் எழுந்து பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உக்காரச் சொல்லுங்க, சாப்பிடட்டும்" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை பலகையும் இத்தனை சாமர்த்தியமும் என்று ஆகிவிட்டது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்து, தோட்டத்தில் சும்மா நின்றேன்.

மறுநாள் சார் போன் பண்ணினார். "அந்தச் சுவரை எடுத்துடுங்க மேடம். முழுசா." நானே நின்று இடித்தேன். கூடம் அகலமானது, வெளிச்சம் வந்தது. அக்காவுக்கு முன்பக்கம், பெரிய ஜன்னல் வைத்த அறை. எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என்னை யாராவது ஒருவர் அப்படிச் சொல்லித் தேற்றினால் தேவலை என்றுதான் வேலை முடிந்து சில வாரம் கழித்து மறுபடி அங்கே போனேன்.

மத்தியானம். கதவு திறந்திருந்தது. அந்தம்மா வாசலிலேயே எதிர்ப்பட்டார். முன்பிருந்த படபடப்பு இல்லை. "அக்கா சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, உள்ள போங்க" என்றவர், தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல எப்பவும் இன்னொரு நாற்காலி போட்டுக்கறாங்க மேடம். இன்னொரு தட்டும் வெச்சாத்தான் சாப்பிடறாங்க. நாங்க ஒண்ணும் கேக்கறதில்ல. பழகிடுச்சு."

நான் உள்ளே கால் வைத்தேன்.

அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி தரையில் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. யாரோ அவசரமாக எழுந்த மாதிரி.

வெறுங்கால் ஓடியது. கூடத்தைக் குறுக்கே கடந்து, அந்தச் சுவர் இருந்த இடம் வரை வந்து நின்றது. அங்கே இப்போது வெறும் தரை. அந்தப் பக்கம் ஓடியது. இந்தப் பக்கம் ஓடியது. பட், பட், பட் என்று திறந்த கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒளிவதற்கு இடமே இல்லை. அதையும் நான்தான் இடித்திருந்தேன்.

"நான்... நான் சும்மா பார்க்கத்தான்..." என்றேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமலே.

அக்கா எழுந்தார். இரண்டு கையையும் விரித்து நின்றார். காலடிச் சத்தம் அவரிடம் ஓடிப்போய் நின்றது. வெறும் காற்றை அவர் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு தலையை மறைக்கிற மாதிரி உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். முதல் நாள் காரில் அவரைக் கண்டு நான் பின்னால் நகர்ந்தபோது பார்த்த அதே பார்வை இல்லை இது. நேரம் காலம் தெரியாமல் வந்து நிற்கிற ஆளை வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை. பிறகு கையால், போ என்று காட்டினார்.

நான் போனேன். கூனிக் குறுகி, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கினேன். அந்தம்மா ஏதோ கேட்டார், என் காதில் விழவில்லை.

கேட்டைச் சாத்தும்போது உள்ளே ஒரு நாற்காலி மேசைப் பக்கம் மெல்ல இழுபடும் சத்தம் கேட்டது.